மெழுகு விட்டுச்சென்ற இடம்

2023 செப்டம்பரில் ஜி20 மாநாடு நடந்த புதுதில்லி பாரத மண்டபத்தின் முன் நிற்கும் 27 அடி நடராசர், சுவாமிமலையில் ஸ்தபதி ராதாகிருஷ்ணனும் அவருடைய உடன்பிறந்தாரும் எட்டு உலோகக் கலவையில் வார்த்த படிமம். கருவறையும் நித்திய பூசையும் இல்லாத முற்றத்தில் நிற்கும் இவ்வுரு கடவுளா, சுமார் 18 டன் உலோகமா என்னும் வினாவுக்கு, ஆகமத்தை நாடுமுன் பட்டறையைப் பார்ப்பது தகும்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில், மடித்த ஓலையையே அளவுகோலாகக் கொண்டு, முக நீளம் ஒரு தாளம் என்ற கணக்கில் ஸ்தபதி முழு உருவையும் முடிக்கிறார். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லிதாகவும் பிறகு கனமாகவும் பூசி, உலர்த்தி, கம்பி கட்டிச் சூடேற்றும்போது மெழுகு முழுதும் உருகி வெளியேற, எஞ்சுவது வெற்றிடம் ஒன்றே. அதில்தான் உலோகக் குழம்பு பாய்கிறது. 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம் விவரிக்கும் இம்முறையில் ஒரு மெழுகுருவுக்கு ஒரே படிமம். வார்ப்பு பிசகினால் அத்தனை கைவேலையும் வீண்.

கோனேரிராசபுரத்தில் பெரிய நடராசரை வார்க்க முயன்று திரும்பத் திரும்பத் தோற்ற சிற்பி, தண்ணீர் கேட்டு வந்த முதிய தம்பதியிடம் கொதிக்கும் குழம்பைக் காட்ட, அவர்கள் அதைப் பருகிப் படிமமாகவே நின்றனர் என்பது தலக்கதை. அதை வெறும் அற்புதக் கதையாகப் படிப்பது குறைவான படிப்பு. வெற்றிடத்தை ஆக்குவதே கையின் வேலை, நிரம்புவது கையின் வசமில்லை என்ற தொழில் அறிவு அதில் பேசுகிறது.

வார்த்து முடித்த படிமத்தையும் ஆகமம் ஒரு கூடாகவே கருதுகிறது. கண் திறந்து, ஆவாகனத்தால், அதாவது மந்திரத்தால் இறையை எழுந்தருளச் செய்த பின்னரே அது வழிபாட்டுக்குரியது. திருப்பணிக் காலத்தில் அந்தச் சாந்நித்தியம் நீர்க்குடத்துக்கு மாற்றப்படுவதால், உலோகமும் இறையும் ஒன்றே என்று அம்மரபு ஒருபோதும் கொள்ளவில்லை என்பது தெளிவு. திருக்கோயிலை அரனெனத் தொழச் சொல்லும், சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்துக்கு உரை கண்டோர், எங்கும் பாலில் நெய்போல் மறைந்திருப்பவன் அங்கே தயிரில் நெய்போல் விளங்குவான் என விளக்கினர்.

இவ்விளக்கப்படி, தில்லி முற்றத்து நடராசரும், 2004இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் நிறுவப்பட்ட இரண்டு மீட்டர் நடராசரும் இறையற்ற உலோகம் அல்ல. அங்கே நெய் இன்னும் பாலில் இருக்கிறது. உயரம் இதில் கணக்கில் வராது. அந்தமானின் மாயாபந்தரில் கடலோர வீடொன்றில் ஒரு சாண் படிமத்துக்குச் செம்பு நீரால் நீராட்டி ஒருவர் இறையை அழைப்பாரானால், கடைதல் அங்கே தொடங்கிவிட்டது.