முதிர்ந்த வீரனும் சுற்றத்தார் அச்சமும்

உடல்வன்மை குன்றிய பின்னர் ஒருவன், மனைவி மக்கள் அஞ்சித் தடுப்பவும், தான் பண்டு வாகை சூடிய களத்திற்கு மீளப் புகுதல் அறமாகுமா என்பது ஈண்டு ஆராயப்படும். இது விளையாட்டுச் செய்தியன்றோ, நம்மனோர் ஆராய்ச்சிக்கு உரித்தோ என ஐயுறற்க. தன் உடம்பின்மேல் ஒருவனுக்குள்ள உரிமை எத்துணைத்து என்னும் வினா இதனுள் அடங்கிக் கிடக்கின்றது.

அமெரிக்க நாட்டுக் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி 1964, 1974, 1978 ஆகிய ஆண்டுகளில் மும்முறை உலக முதன்மை எய்தியவர். அவருடைய மருத்துவர் பெர்டி பச்சேகோ, சிறுநீரகங்கள் பழுதுறுகின்றன, இனிப் பொருதலாகாது என எடுத்துரைத்து, அச்சொல் ஏலாமையின் 1977-இல் அவரை விட்டு நீங்கினார். 1979-இல் ஓய்வு கொண்ட அலி, 1980 அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸ் என்பாரோடு பொருதார். பத்துச் சுற்று அடியுண்ட பின் அவர்தம் பயிற்சியாசிரியரே போரை நிறுத்தினார். 1981-இல் பகாமாத் தீவிலும் தோல்வி. 1984-இல் பார்க்கின்சன் என்னும் நடுக்குநோய் அவர்க்கு உண்டென மருத்துவர் துணிந்தனர். தலையிற் பட்ட அடிகளே அந்நோய்க்கு ஏது என்பதில் மருத்துவர்க்குள் ஒருமைப்பாடு இன்மையின், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளேம். 1986-இல் அவரை மணந்த லானி அம்மையார், 2016-இல் அவர் இறக்குங்காறும் உடனிருந்து பேணினார் என்பதோ யாவரும் அறிந்தது.

அற்றேல், ஜார்ஜ் போர்மன் வென்றிலரோ எனின், வென்றார். 1977-இல் களம் நீங்கிச் சமய போதகராய்ப் பத்தாண்டு இருந்தவர், தாம் நிறுவிய இளைஞர் மன்றத்திற்குப் பொருள் வேண்டி 1987-இல் மீண்டார். 1994 நவம்பர் 5-ஆம் நாள், 45 வயதில், தம்மினும் ஏறத்தாழ 19 ஆண்டு இளையரான மைக்கேல் மூரரைப் பத்தாஞ் சுற்றில் வீழ்த்தினார். ஆயின் ஒன்பது சுற்று முடியுமளவும் நடுவர் கணக்கிற் பின்தங்கி அடியுண்டு நின்றவரும் அவரே. இரண்டொரு குத்து இலக்குத் தப்பியிருப்பின் உலகம் அவரை மதியிலார் என்றிருக்கும். பயன் கண்டு அறம் துணிவார்க்கு இவ்விடர் என்றும் உண்டு.

இனி, வினைப்பயன் செய்தானையே சாரும். சுற்றத்தார் எய்துந் துன்பம் அவர்தம் நுகர்வினையே. ஆகலின் வீரன்மேற் குற்றமில்லை என்பாரும் உளர். இவ்வுரை கொள்ளின், பிறர்க்கு இடர் செய்தான் எவனும் குற்றமுடையன் ஆகான். துன்பம் அவர் வினையான் வருவதேயாயினும், அது வருதற்குத் தான் வாயிலாய் நிற்றல் தனக்கு ஆகாமியமாய் ஏறும் என்க.

சுற்றத்தார் அச்சம் பாசத்தின் விளைவன்றோ எனின், அஃதொக்கும். எனினும் கையின் நடுக்கத்தையும் நாவின் குழறலையும் முதற்கண் காண்பவர் உடனுறைவோரே. அவனோ பழைய ஆரவாரம் இன்னுஞ் செவியில் ஒலிக்க, இருபத்தைந்தாண்டு இளைஞனாகவே தன்னைக் காண்கின்றான். இருவருள் யாரைப் பாசம் மிகுதியும் மறைத்தது?

முதியோர் ஓடற்க, நீந்தற்க என்றேமல்லேம். காலொடிந்தான் அறிவோடிருந்து தன் கடன் ஆற்றுவன். தலையடியுண்டு அறிதற் கருவியே சிதைந்தான் அதுவும் மாட்டான். ஓட்டத்தினின்று குத்துச்சண்டையை வேறு பிரித்தல் இது பற்றியே. இத்தகைய களத்திற்குப் புகுவானைத் தடுக்கும் சுற்றத்தார், அழுகையோடு அமையாது, தாம் கண்ட குறிகளை நாளும் இடமும் சுட்டி மருத்துவர் முன்னிலையில் அவனுக்கு உரைத்தல் வேண்டும்.