மதுரைக்கு இரண்டு நாள் அறப்பயணம்



விடுமுறை வந்தால் இல்லந்தோறும் பயணப் பேச்சு எழுகின்றது. சம்மேத சிகரமும் சிரவணபெளகொளாவும் சென்றுவரப் பல நாள்களும் மிகுந்த பொருளும் வேண்டும். இரண்டே நாள் ஓய்வு கிடைக்கும் குடும்பத்தார் எங்குச் செல்வது? மதுரைக்குச் செல்க என்பதே நம் விடை.

மதுரை சென்றோர் பலரும் மீனாட்சி கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். அவையும் காணத்தக்கனவே. ஆயினும் அந்நகரைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகளில்தான் நம் அருந்தவ முனிவர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தங்கியிருந்தனர். எண்பெருங்குன்றம் என்று புகழப்பெற்ற அம்மலைகளைக் காணாமல் திரும்புவது, ஜினாலயத்தின் வாயில் வரை சென்று வணங்காமல் மீள்வதற்கு ஒப்பாகும்.

இப்பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது? நம் அறத்தின் மும்மணிகளே அதற்கு வழிகாட்டும்.

முதலாவது நற்காட்சி. குகைத்தளத்தை அடைந்ததும் சிறுவர்கள் ஏமாற்றம் அடைவர். அங்கே கோபுரம் இல்லை, ஓவியக்கூடம் இல்லை. பாறையில் செதுக்கிய படுக்கைகள் மட்டுமே உண்டு. தலை வைக்கச் சிறிது உயர்த்தி, ஓர் உடல் கிடக்கும் அளவே வெட்டப்பட்டவை. மேலே மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் காடி வெட்டியிருப்பர். ஊரார் பலவிடங்களில் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மகன் கேட்பானாயின், பெற்றோர் அவனை அப்பாறையின் அருகே அமரச் செய்து இவ்வாறு கூறுக: "மகாலைக் கட்டியவனுக்கு எத்தனை தூண்கள் தேவைப்பட்டன! இங்கே உறங்கியவர்க்குத் தேவைப்பட்ட இடம் இவ்வளவே." மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்திற்கு இதனினும் தெளிவான பாடம் வேறில்லை.

இரண்டாவது நன்ஞானம். புறப்படுமுன் வீட்டிலே சில செய்திகளை அறிந்துகொள்க. மாங்குளம் மலையிலுள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டுகள் 1882இல் இராபர்ட் சூவெல் என்பவரால் கண்டறியப்பட்டன. பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரும் கணிநந்தன் என்னும் துறவியின் பெயரும் அவற்றில் உள்ளன. வெள்ளறை ஊரின் வணிகக் குழுவினரும் அங்கே கொடை தந்துள்ளனர். கிடாரிப்பட்டி அருகே அழகர்மலைக் குகையில் கொடையாளர் பட்டியலே உண்டு: பொன் வணிகர், உப்பு வணிகர், கொழு வணிகர், அறுவை வணிகர், பாணித வணிகர். உப்பு விற்றவரும் வெல்லப்பாகு விற்றவரும் தம் ஈட்டத்தில் ஒரு பங்கைத் துறவோர்க்கு ஈந்தனர். மன்னர் கொடையை மட்டுமே வரலாறு போற்றும் என்று எண்ணுவோர் இதனைக் காண்க. இல்லறத்தார் இன்றித் துறவறம் நில்லாது என்பதற்கு அக்கல்லே சான்று.

சமணர்மலையில் மற்றொரு பெயரையும் தேடுக. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் பாண்டிநாட்டுக் குன்றுகள் பலவற்றில் ஜினபிம்பங்கள் அமையக் காரணமாயிருந்தவர் அச்சணந்தி முனிவர். பேச்சிப்பள்ளத்தில் வரிசையாய் அமைந்த திருமேனிகளுள் ஒன்றைச் செய்வித்தவர் அவருடைய தாயார் குணமதியார் எனக் கல்வெட்டு கூறுகின்றது. மகன் துறவு பூண்டு சென்றான். தாய் அருகன் திருமேனியைச் செய்வித்தாள். பற்றினை அறமாக மாற்றிக்கொண்ட அத்தாயின் பெயர் முன்னே நம் இல்லத்துத் தாய்மார் சிறிது நேரம் நின்று வணங்குவாராக.

மூன்றாவது நல்லொழுக்கம். மார்கழி, தை மாதங்கள் மலையேற்றத்திற்கு ஏற்றவை. முதல்நாள் விடியலிலேயே கீழக்குயில்குடி சென்று சமணர்மலை ஏறுக. அடிவாரத்துத் தாமரைக்குளமும் ஆலமரமும் முதியோர் தங்கி இளைப்பாற உதவும். செட்டிப்புடவில் அமர்ந்த கோலத்து மகாவீரரையும், பேச்சிப்பள்ளத்தையும் கண்டபின் முத்துப்பட்டி, கொங்கர்புளியங்குளம் செல்லலாம். மறுநாள் மேலூர்ச் சாலையில் யானைமலை. பின்னர் அரிட்டாபட்டி, மாங்குளம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கண்டுவிட விரைய வேண்டா. இரண்டிடங்களில் நின்று சிந்திப்பது பத்திடங்களில் ஓடிப் பார்ப்பதினும் சிறந்தது.

மலைகளில் உணவு கிடைப்பது அரிது. கிழங்கு சேராத கட்டுச்சோறும் வடிகட்டிய நீரும் உடன் கொண்டு செல்க. பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும்படி மாலைப் பயணத்தை அமைத்துக்கொள்க. திருமேனிகளின்மீது எண்ணெயோ குங்குமமோ பூசுதல் கூடாது. எழுத்துகள் தெளிவாய்த் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியால் தீட்டுதலும் கேடே. பக்தியினால் செய்தாலும் கல்லுக்கு அது சிதைவே. அமைதியாய் நின்று பஞ்ச நமஸ்காரம் ஓதுதல் போதும்.

இக்குன்றுகள் என்றும் இவ்வாறே நிற்கும் என எண்ணற்க. மதுரை வட்டாரத்து மலைகள் பல கற்சுரங்கங்களால் உருக்குலைந்துள்ளன. 2022இல் அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதனை உள்ளடக்கிய நிலப்பகுதியில் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை 2024 நவம்பரில் ஏலத்தில் வழங்கப்பட்டது. அப்பகுதி உழவர்களும் ஊர்மக்களும் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் மத்திய அரசு அவ்வேலத்தை இரத்துச் செய்தது. அவர்களுள் பெரும்பாலோர் நம் சமயத்தினர் அல்லர்; எனினும் நம் முனிவர் படுக்கையும் அவர்களால் காக்கப்பட்டது. ஆதலின் அவ்வூர்களுக்குச் செல்லும்போது சுற்றுலாப் பயணியராய் அன்றி, நன்றியுடைய விருந்தினராய்ச் செல்க. வழி காட்டும் முதியவரை வணங்குக. அக்குகை யாருடையது, அங்கே எவ்வறம் வாழ்ந்தது என்பதை ஊர்ச் சிறுவர்க்கும் அன்போடு எடுத்துரைக்க.

ஆள் வழங்காத இடம் எளிதில் அழியும். ஆண்டுக்கு ஒருமுறை நம் குடும்பங்களின் காலடி அங்கே படுமாயின், அதுவும் ஒரு காவலே. வரும் விடுமுறைக்கான இரண்டு நாள்களை இன்றே நாட்காட்டியில் குறித்து வைப்போமாக.

அறம் வளர்க! அருகன் அடி வாழ்க!