நெய்யாற்றுக் கல்லும் கலைஞனின் நம்பிக்கையும்

கலைஞன் இயற்கையை நாடுவது எதற்காக? அழகு காண்பதற்கு என்பர் சிலர். ஆறுதல் பெறுவதற்கு என்பர் பலர். உலகத் துன்பங்களினின்றும் தப்பி ஓடும் வழியே அது என்று குறை கூறுவாரும் உளர். இவ்விடைகளுள் எது பொருந்தும் என்று ஆராய்வதற்குப் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லையோர ஊர்களையே ஈண்டுக் களமாகக் கொள்கின்றோம். அம்மண்ணின் ஆறும் மலையும் கலையுள்ளங்களுக்குச் செய்த உதவியை நினைந்து பார்க்குங்கால் வினாவிற்கு விடை தானே புலப்படும்.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்து பாறசாலைக்குள் நுழைவோர் அஞ்சல் நிலையத்தின் பெயர்ப்பலகையில் எழுத்து மாறியிருப்பதைக் காண்பர். மண் மாறியிருப்பதைக் காணார். செம்மண் சரிவும் தென்னந்தோப்பும் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. மரச்சீனிக்கு இரு பக்கத்தும் ஒரே பெயர்தான். இடவப்பாதி மழையும் துலாமாத மழையும் எல்லைக்கல்லைக் கேட்டுக்கொண்டு பெய்வதில்லை. 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் மலையில் பிறந்து மேற்கே பாயும் நெய்யாறு பூவாற்றில் அரபிக் கடலை அடைகிறது. அம்மலைத் தொடரிலேயே தோன்றும் பொருநையோ கிழக்கே சென்று நெல்லைச் சீமையை வளமாக்குகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரைப் போன்றவை அவ்வாறுகள்.

இயற்கையை வாழ்வினின்றும் பிரித்துக் காண்பது தமிழ் மரபு அன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து உயிர்களும் பிறவும் கருப்பொருள் என்றும், மாந்தரின் ஒழுக்கமே உரிப்பொருள் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. மலையும் மழையும் மனித நெஞ்சின் கதையைச் சொல்ல வந்தவை. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். துறவியின் பெருமையும் அறத்தின் வலிமையும் அதன் பின்னரே இடம் பெற்றன. மழையின்றி அறமும் இல்லை என்ற தெளிவு அவ்வைப்பு முறையிலேயே அமைந்துள்ளது.

இம்மரபில் வைத்து எண்ணத்தக்கவர் நாராயண குரு. அவரைச் சமூகச் சீர்திருத்தச் செம்மலாக உலகம் அறியும். மலையாளம், வடமொழி, தமிழ் ஆகிய மும்மொழியிலும் பாடிய கவிஞர் என்பதை நம்மிற் பலர் மறந்துவிடுகிறோம். செம்பழந்தியிற் பிறந்த அவர், குமரி மாவட்டத்து மருத்துவாழ் மலையின் குகையில் தனிமைத் தவம் இருந்தார். மூலிகைகளுக்குப் பெயர்பெற்ற அம்மலையிலிருந்து கடலும் வயலும் ஒருங்கே தோன்றும். பின்னர் நெய்யாற்றின்கரைக்கு அருகில், ஆறு பாறைகளிடையே ஒலித்து ஓடும் அருவிப்புறத்தை அடைந்தார். 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று அவ்வாற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து சிவனாக நிறுவினார். சிவனை நிறுவும் உரிமை பிராமணர்க்கே உண்டு என்பது அக்கால வழக்கு. ஈழவர் குலத்திற் பிறந்த ஒருவர் அவ்வழக்கைக் கேட்டு அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் அது என்ற கருத்தையும் அங்கே பொறித்துவைத்தார்.

இந்நிகழ்ச்சியைக் கலைஞனின் செயலாகவே நாம் கருதுகின்றோம். சிற்பி செதுக்கிய கல் அன்று அது. நீர் பல காலம் உருட்டி வடித்த கல். எந்தக் குலத்தின் கை தன்னுள் இறங்குகிறது என்று ஆறு கேட்கவில்லை. மனிதர் மறுத்த ஒன்றை நீர் மறுக்கவில்லை. அம்மறுக்காமையைக் கண்டுகொண்டதே அகத்தூண்டல். அதைக் கையில் ஏந்திக் கரையேறி மக்கள் முன் வைத்ததே நம்பிக்கை.

ஆனால் இவ்விடத்தில் ஒரு தடை எழுகிறது. அதைத் தட்டிக்கழித்தல் முறையாகாது. அருவிப்புறத்தில் குருவின் அருகில் வாழ்ந்து வளர்ந்தவர் மகாகவி குமாரன் ஆசான். உதிர்ந்து கிடக்கும் பூ ஒன்றைக் கண்டு 1907இல் அவர் பாடிய ‘வீணபூவு’ மலையாளக் கவிதையில் ஒரு புதுக்காலத்தைத் தொடங்கிற்று. அக்கவிஞர் 1924 ஜனவரியில் பல்லனை ஆற்றில் படகு கவிழ்ந்து மாண்டார். ஆசிரியருக்குக் கல் தந்தது நீர். மாணவரைக் கொண்டுசென்றதும் நீர். அவ்வாறாயின் இயற்கையை அறத்தின் ஆசான் என்று எவ்வாறு கூறுவது? அதற்கு இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. வேண்டுதல் வேண்டாமை அற்று அது தன் வழியே செல்கிறது.

உண்மைதான். இயற்கை நம்பிக்கையை ஆக்கித் தருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பூ உதிர்வதை அன்றாடம் எல்லாரும் காண்கின்றனர். அதன் முன் நின்று இரங்கியவர் ஒரு கவிஞர். அவ்விரக்கம் பூவில் இல்லை. கவிஞர் நெஞ்சில் பிறந்தது. எனினும் பூ இல்லாவிடின் அந்நெஞ்சின் கதவு திறந்திராது. விதை மண்ணுடையது, விளைவு உழவனுடையது என்று பிரித்துச் சொல்ல இயலுமோ? இயற்கை இடங்கொடுக்கிறது, கலைஞன் அதில் பொருள் காண்கிறான், கண்ட பொருளை மக்களிடம் கொண்டு சேர்க்கும்போதுதான் நம்பிக்கை முழுமை பெறுகிறது. குகையிலேயே குரு தங்கியிருந்தால் அது தப்பி ஓடுதல் ஆகியிருக்கும். அவர் மலையினின்றும் இறங்கி வந்தார்.

1876இல் தேரூரில் தோன்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இதற்குச் சான்று. நாஞ்சில் நாட்டிற் பிறந்து, திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணி ஆற்றியவர் அவர். இரண்டிற்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை இவ்வெல்லையூர்கள் வழியே செல்வது. பசுவையும் கன்றையும் குழந்தைகளுக்காக இனிக்கப் பாடிய அதே புலவர், மருமக்கள் வழி முறையால் பெண்டிரும் மக்களும் படும் துயரை ‘மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் நகையும் அழுகையுமாகப் பாடினார். கன்றின் துள்ளலை நோக்கிய கண் வீட்டிற்குள் நடக்கும் அநீதியைக் காணாமல் மூடிக்கொள்ளவில்லை.

இன்று இவ்வினா வேறு வடிவம் கொள்கிறது. நெய்யாற்றில் மணல் வாரப்பட்டது; கரைகள் இடிந்தன. எல்லையோரக் குன்றுகள் பல கல்லுடைப்புக்கு இரையாயின. நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்கு வந்த நீரும் 2004இல் நிறுத்தப்பட்டது. ஒரு மலையின் நீரைப் பங்கிட்டுக்கொள்ளவும் நமக்குத் தெரியவில்லை. கலைஞனுக்கு நம்பிக்கை தந்த ஆறு இப்போது கலைஞனிடம் நம்பிக்கையைக் கேட்டு நிற்கிறது. பெற்றவன் திருப்பித் தரவேண்டிய கடன் அது. அழகைப் பாடுவதோடு அவன் கடமை முடியாது. ஆற்றிற்காகப் பேசுவதும் அவன் கலையின் பகுதியே.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இதில் என்ன பயன் என்று வினவலாம். நம் பிள்ளைகளுட் பலர் நெய்யாற்றைக் கண்டதில்லை. தாமிரவருணியில் நீராடியதும் இல்லை. எனினும் அவர்தம் சன்னலுக்கு வெளியே ஒரு மரம் நிற்கிறது. அதன் பெயரை அவர்கள் அறிவார்களா? அது எப்போது தளிர்க்கிறது, எந்தப் பறவை அதில் தங்குகிறது என்று கண்டிருக்கிறார்களா? திணை என்பது பிறந்த ஊர் மட்டும் அன்று. வாழும் நிலத்தை உற்று நோக்கும் பழக்கமும் ஆகும். செம்பழந்தியிற் பிறந்தவர் மருத்துவாழ் மலையில் தவம் செய்து, அருவிப்புறத்தில் தம் கல்லைக் கண்டெடுத்தார். அவர் கண்ட இடம் பிறந்த இடம் அன்று. நாம் வாழும் ஊரிலும் ஓர் ஆறு ஓடும். அதன் அடியிலும் ஒரு கல் கிடக்கும். மூழ்கி எடுக்கும் துணிவையும், எடுத்ததைப் பிறர்க்கென வைக்கும் அன்பையும் நம் இளைஞர் பெறுவாராக!