ஒவ்வொரு வரியும் உண்மை

2018 அக்டோபர் 29 காலை ஜக்கார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் சில நிமிடங்களில் ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர் இறந்தார்கள். விமானம் போயிங் 737 மேக்ஸ், அப்போது புத்தம் புதிய ரகம். அடுத்த மாத இறுதியில் இந்தோனேசிய விசாரணைக் குழுவின் முதற்கட்ட அறிக்கை வந்தது. அன்றே போயிங்கும் ஒரு விளக்கம் வெளியிட்டது. முந்தைய நாட்களின் பராமரிப்பு வேலைகள், முந்தைய பயணத்தில் விமானிகள் கோளாறைச் சமாளித்த விதம் எல்லாம் அதில் இருந்தன. வாசிப்பவருக்குத் தப்பு மெக்கானிக்கிடமோ விமானியிடமோதான் என்று தோன்றும். வானில் பறந்த எந்த விமானத்துக்கும் குறையாத பாதுகாப்பு இதில் உண்டு என்ற உறுதிமொழியும் இருந்தது.

ஒற்றை சென்சாரை நம்பி மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் எம்.சி.ஏ.எஸ். மென்பொருளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அது பாதுகாப்புப் பிரச்சினைதான் என்று கம்பெனியின் உள் ஆய்வு முடிவு செய்து, மாற்றி வடிவமைக்கும் வேலையும் அதற்குள் தொடங்கியிருந்தது. 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவில் இன்னொரு மேக்ஸ் விழுந்து 157 பேர் இறந்தார்கள்.

2022இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் இந்த விளக்கத்தையும் குற்றச்சாட்டில் சேர்த்தது. போயிங் 20 கோடி டாலர் கட்டியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. (அந்த வாக்கியமும் வக்கீல்கள் உட்கார்ந்து செதுக்கியதுதான்.)

பராமரிப்பு பற்றிய வரிகள் இந்தோனேசிய அறிக்கையிலிருந்தே எடுக்கப்பட்டவை. அப்படியானால் பொய் எந்த வரியில் இருக்கிறது?

நமக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. அசுவத்தாமன் இறந்தான் என்று தருமன் சொன்னதும் உண்மைதான், இறந்தது யானை. ஆனால் கேட்பவர் எதை நம்பப்போகிறார் என்று அவனுக்குத் தெரியும். அதனால்தான் தரையில் படாமல் ஓடிய அவன் தேர் கீழே இறங்கியது. கம்பெனியில் அந்த வசதி இல்லை. ஒருவர் தகவல் தருவார், ஒருவர் எழுதுவார், வக்கீல் இரண்டு வரியை வெட்டுவார். தேரில் யாருமே இல்லை. இறங்கினாலும் யாருக்குக் குலுங்கும்?

நானும் அந்தத் தேரைத் தள்ளியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் எங்கள் கருவிகள் அடிக்கடி பழுதாவதாக வாடிக்கையாளர்களிடமிருந்து புகார். பதில் கடிதம் என்னிடம் வந்தது. “தம்பி, டெக்னிக்கலா ஒவ்வொரு லைனும் சரியான்னு மட்டும் பாரு,” என்றார் சீனியர் அண்ணன். ஈரப்பதம் அதிகமான இடங்களில் பழுது கூடுகிறது என்று இருந்தது. சரிதான். இணைப்புகளைச் சுத்தமாக வைத்தால் குறையும் என்று இருந்தது. அதுவும் சரி. ரப்பர் சீலை மலிவான ரகத்துக்கு மாற்றிய பிறகுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. அது எங்கள் டேட்டாவில் இருந்தது, கடிதத்தில் இல்லை. எல்லா வரிக்கும் டிக் போட்டு இனிஷியல் வைத்தேன்.

“சீல் பத்தி ஒண்ணும் இல்லையே அண்ணே?” என்று பிறகு கேட்டேன். “அவங்க கேக்கலையே,” என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்.

இப்போது அப்படிக் கோப்பு வந்தால், இதைப் படிப்பவர் எதை நம்புவார், அது உண்மையா என்று ஓரத்தில் எழுதி அனுப்புகிறேன். இதுவரை இரண்டு தடவை. ஒரு தடவை கடிதம் மாறியது. அடுத்த தடவை, சரிபார்க்கும் வேலை வேறொருவருக்குப் போனது.