என் முடிவு அல்ல

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் 1998லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் கையேட்டில் ஒரு கேள்வி பதில் உண்டு. சில பயனர்கள் வெளியே மெயில் அனுப்பலாம், சிலர் அனுப்பக் கூடாது. இதை எப்படி அமைப்பது? கேட்பவர் கூடவே ஒரு வேண்டுகோளும் வைக்கிறார்: இந்தக் கட்டுப்பாடு தேவைதானா என்று தயவுசெய்து விவாதிக்காதீர்கள், இது என் முடிவல்ல. கையேடும் விவாதிக்கவில்லை. பத்துப் பதினைந்து வரிகளில் வழி சொல்லிவிடுகிறது.

ஆறு வருடம் முன்பு அந்த வரிகளை நானும் காப்பி செய்தேன். விஷயம் எளிது. ஒரு பட்டியலில் ஆட்களின் முகவரிகள், இன்னொன்றில் அனுமதித்த டொமைன்கள். முதல் பட்டியலில் இருப்பவர் இரண்டாவதில் இல்லாத டொமைனுக்கு எழுதினால் சர்வர் மறுத்துவிடும். என் பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் ஒப்பந்த ஊழியர்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக மருத்துவக் காப்பீட்டுப் படிவங்களைத் தட்டச்சு செய்பவர்கள்.

அவர்களில் ஒரு பெண், இரண்டு நோயாளிகளின் விவரங்கள் ஒன்றோடொன்று மாறியிருப்பதைக் கவனித்தாள். சூப்பர்வைசர் லீவு. படிவத்தின் அடியில் வாடிக்கையாளரின் முகவரி இருந்தது. எழுதினாள். திரும்பி வந்தது. 554 என்ற எண்ணும், ஆங்கிலத்தில் அனுமதி மறுப்பு என்ற ஒரு வரியும். மூன்று நாள் கழித்து என் மேசைக்கு வந்து நின்றாள்.

“சார், நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா? மூணு தடவ அனுப்பினேன். என் பேர்ல ரிப்போர்ட் எதுவும் போயிருக்குமா?”

“இல்லம்மா, அது மேனேஜ்மென்ட் போட்ட ரூல். என் கையில ஒண்ணும் இல்ல” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. கையேட்டில் இருந்த வாக்கியத்தைத்தான் நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கட்டுப்பாடு அநியாயம் என்று நான் சொல்லவரவில்லை. யாரோ ஒருவரின் நோய் விவரம் தெரியாத முகவரிக்குப் போய்விடக் கூடாது என்பது நியாயமான கவலை. ஆனால் இந்த முறை அனுப்புபவர் யார் என்று சோதிப்பதில்லை, வேறொருவர் பெயரில் அனுப்பி இதைத் தாண்டலாம் என்று அதே கையேடு ஒப்புக்கொள்கிறது. அதை அடைத்தாலும், திருட நினைப்பவனுக்கு இன்னொரு வழி கிடைக்கும். இது நிச்சயமாகத் தடுப்பது விதிப்படி நடப்பவரை. பிழையைக் கண்டு, சொல்ல வேண்டும் என்று நினைத்தவரை.

முடிவு என்னுடையதல்ல என்பது உண்மைதான். ஆனால் திரும்பி வரும் மெயிலில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. அது முழுக்க என் கையில் இருந்தது. நான் சர்வர் தானாகக் கொடுக்கும் வரியை அப்படியே விட்டிருந்தேன். யார் தடுத்தது, ஏன், அவசரமென்றால் யாரிடம் போவது, எதுவும் அதில் இல்லை. காரணம் சொல்லாத மறுப்பைப் பெறுகிறவர் காரணத்தைத் தன்னிடமே தேடுகிறார். அவள் மூன்று நாள் செய்தது அதைத்தான்.

அன்று மாலை அந்த வரியை மாற்றினேன். ‘உங்கள் கணக்கிலிருந்து வெளி முகவரிகளுக்கு அனுப்ப நிறுவனம் அனுமதிக்கவில்லை. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. அவசரமென்றால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.’ கீழே என் மேசை எண்ணைப் போட்டேன்.

முதல் வாரம் நான்கு அழைப்புகள் வந்தன. நான்கையும் மேலே கொண்டுபோனேன். “இதையெல்லாம் நீ ஏன்ப்பா தலையில இழுத்துப் போட்டுக்கிற?” என்றார் மேனேஜர். பட்டியலில் இன்றுவரை ஒரு பெயரும் குறையவில்லை. வாடிக்கையாளரின் டொமைன் மட்டும் இரண்டாவது பட்டியலில் சேர்ந்தது.