அறியாமற் செய்த கேடு

நோயுற்ற பசுவின் வலி தணியும்பொருட்டு ஒருவன் மருந்து செலுத்துகிறான். பசு பிழைக்கவில்லை. அதன் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்றுச் சில நாட்களில் மடிகின்றன. மருந்து செலுத்தியவன் கொலைஞன் ஆவானோ?

அன்பர்களே, இது கற்பனை வினா அன்று. 1990-களின் தொடக்கம் முதல் 2007-க்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்டவை அழிந்தொழிந்தன. மாடுகளுக்கு அளித்த டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே இவ்வழிவிற்குக் காரணம் என்று 2004-இல் ஆராய்ச்சியாளர் கண்டனர்.

அதற்கு முன் அம்மருந்தை அளித்தவன் நெஞ்சில் இருந்தது இரக்கமே. கொல்லும் எண்ணம் இல்லாதவனைக் கொலைஞன் என்றல் நீதியன்று. ஆயினும் அவன் நல்லெண்ணம் மாண்ட பறவையை மீட்டுத் தரவில்லை.

2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. பாறுகளுக்குத் தீங்கிழைக்காத மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்தும் உண்டு. அதன் பின்னரும் மனிதருக்கென விற்ற பெரிய குப்பிகளை வாங்கி மாடுகளுக்குச் செலுத்தினர். ஆதலின் 2015-இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது.

இவர்களும் 'இரக்கத்தாற் செய்தோம்' என்பரேல், அதனை எவ்வாறு ஏற்பது? அறிய வழியில்லாமை வேறு. அறிய மனமில்லாமை வேறு. முன்னது மன்னிக்கத்தக்கது, பின்னது குற்றம். மருந்தின் பெயரைக் கேட்டறிய நொடிப்பொழுது போதும். அந்த நொடியையும் செலவிடாத இரக்கம் தன் பசுவை மட்டும் காணும், வானத்தை நோக்காது.