கழற்றும் உரிமை

தமிழில் அடி என்றால் பாதம். மலையின் கீழ்ப்பகுதியும் அடி, வாங்குகிற உதையும் அடி, உயரத்தை அளக்கும் அலகும் அடி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பாதை ஏறத் தொடங்கும் இடத்துக்கு அடிவாரம் என்றே பெயர். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே காபித் தோட்டச் சரிவுகளில் காலூன்றிப் பழம் பறிக்கும் பெண்களுக்குப் பாதம்தான் பிழைப்பு. கீழே சேலத்துப் பட்டறைகளில் செய்யும் வெள்ளிக் கொலுசு ஊரெங்கும் பெண்களின் கணுக்காலுக்குப் போகிறது. பெண்ணின் காலை அலங்கரிக்கத் தெரிந்த ஊர் இது. அந்தக் கால் வலிக்குமா என்று கேட்கத்தான் நமக்குப் பழக்கமில்லை.

நம் கல்யாணங்களில் மணமகள் இரண்டு விதமாக நிற்கிறாள். முகூர்த்தத்தில் வெறுங்காலோடு அம்மி மிதிக்கிறாள். வரவேற்பில் ஹை ஹீல்ஸ் அணிந்து மூன்று நான்கு மணி நேரம் மேடையில் நிற்கிறாள். புடவைக் கொசுவமோ லெஹங்காவோ அந்தச் செருப்பை மூடிவிடுகிறது. நகை போட்டால் தெரிய வேண்டும். ஹீல்ஸ் போட்டால் தெரியக் கூடாது. அது தரும் உயரம் அவளுடைய சொந்த உயரமாகப் படத்தில் விழ வேண்டும். செருப்போடு சேர்ந்து வலியும் மறைந்துவிடுகிறது. "ஒரு நாள்தானே கண்ணு, பொறுத்துக்கோ" என்கிறார்கள் பெரியவர்கள்.

எதற்காக இந்த உயரம்? மாப்பிள்ளையின் தோளுக்காவது வர வேண்டும் என்பதற்காக. பெண் மாப்பிள்ளையைவிட உயரமாக இருந்தால் அதே பெரியவர்கள் தட்டைச் செருப்பு வாங்கித் தருகிறார்கள். ஹீல்ஸோ தட்டைச் செருப்போ, அளவுகோல் அவன்.

நாள் முழுக்க வலிக்காமல் ஹீல்ஸ் போடுவது எப்படி என்று மாணவிகள் கேட்பதுண்டு. பதில் எளிது. ஊசிக்குதி வேண்டாம், அகலமான குதி எடுங்கள். இரண்டு அங்குலத்தைத் தாண்டாதீர்கள். முன்பாதத்துக்கு அடியில் மெத்தை வையுங்கள். இரண்டு வாரம் முன்பே வீட்டுக்குள் போட்டு நடந்து பழகுங்கள். பையில் ஒரு ரப்பர் செருப்பு இருக்கட்டும். எல்லாம் பயனுள்ள யோசனைகள்தான். குதி உயர உயர உடலின் எடை முன்பாதத்தில் இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் அணிந்தால் கெண்டைக்கால் தசை குறுகுகிறது. இதை எந்த மெத்தையும் முழுதாகச் சரிசெய்யாது. ஆனால் யோசனைகளின் பட்டியல் கையில் இருக்கும்போது, வலித்தால் அது நம் ஏற்பாட்டின் குறை என்றாகிவிடுகிறது. நிற்க வைத்தவர்களை யாரும் கேட்பதில்லை.

இது பெண்ணின் இயல்பான ஆசை என்று சொல்வோருக்கு வரலாறு வேறு கதை சொல்லும். பாரசீகக் குதிரைவீரர்கள் அங்கவடியில் கால் நழுவாதிருக்கக் குதி வைத்த காலணி அணிந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பிய ஆண்களின் பெருமையாயிற்று; பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயி சிவப்புக் குதியோடு நின்றான். அடுத்த நூற்றாண்டில் ஆண்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியதற்காக அவர்களை யாரும் குறைத்துப் பேசவில்லை.

"எனக்குப் புடிச்சிருக்கு மேம். போட்டா நிமிர்ந்து நிக்கத் தோணுது" என்கிறாள் ஒரு மாணவி. இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும் என்று ஒரு பகுதி மக்களைச் சாதி கட்டாயப்படுத்திய மண் இது. அந்த நினைவுள்ள வீட்டிலிருந்து வரும் பெண்ணின் குதிச் சத்தம் ஒரு பதிலாகவும் இருக்கலாம். அவளிடம் போய்க் கழற்று என்று சொல்வதும் ஓர் அதிகாரமே.

ஆகவே போடலாமா கூடாதா என்பதைவிட, நினைத்த நேரத்தில் கழற்ற முடிகிறதா என்று கேட்பது நல்லது. கழற்றினால் கூலி குறையுமா, பேச்சு கிளம்புமா, படம் கெட்டது என்று யாராவது முகம் சுளிப்பார்களா? எதுவும் இல்லையென்றால் அந்த உயரம் அவளுடையது.

2015இல் லண்டனில் நிக்கோலா தோர்ப் என்ற வரவேற்பாளர் ஹீல்ஸ் அணிய மறுத்ததால் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் 1,50,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். 2019இல் ஜப்பானில் யூமி இஷிகாவா இதே கட்டாயத்தை எதிர்த்து இயக்கம் தொடங்கினார். ஜப்பானிய மொழியில் காலணிக்கும் வலிக்கும் உரிய சொற்கள் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிப்பவை. இயக்கத்தின் பெயரே அந்தச் சிலேடையில் பிறந்தது.

நம் பக்கத்தில் கோரிக்கை இன்னும் அடிப்படையானது: உட்கார விடுங்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்களைத் திரட்டிய பி. விஜியின் 'பெண்கூட்டு' பல ஆண்டுகள் போராடியது. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது.

அடுத்த முறை கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண்களைப் பாருங்கள். ஒரே நிறப் புடவை, ஒரே சிரிப்பு, ஒரே குதி. பலர் கல்லூரிக் கட்டணத்துக்காக வந்தவர்கள். மணமகளுக்காவது பின்னால் சிம்மாசனம் போட்டிருக்கிறது. இவர்கள் கடைசி விருந்தாளி வரும்வரை நிற்க வேண்டும். மண்டபத்தில் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஒன்றை இழுத்துப் போட்டு, "கொஞ்ச நேரம் உக்காரும்மா" என்று சொல்ல விருந்தாளிகளான நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவள் உட்காரப் பயந்தால், யாருக்குப் பயப்படுகிறாள் என்று பார்த்து, அவரிடம் பேசுவோம்.